கடனைத் தீர்த்துவைக்க இன்னொரு தரகரா?

போன மாதம் வருசநாட்டிலிருந்து எங்கள் தெரு அக்கா ஒருவர் போன் செய்தார். "தம்பி, ஒரு கம்பெனியில இருந்து பேசுனாங்க. எல்லாக் கடனையும் பாதியில முடிச்சுத் தர்றாங்களாம். மாசாமாசம் அவுங்களுக்குப் பணம் கட்டுனாப் போதும், குழுவுக்கு டியூ கட்ட வேணாம்கிறாங்க. சேரட்டுமா?"

அவருக்கு மூன்று குழுக் கடன், இரண்டு ஆப் கடன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், மாமியாருக்கு மருத்துவச் செலவு, மாதக்கணக்கில் வராத நூறு நாள் வேலைச் சம்பளம். கடன் வந்த வழி இவ்வளவுதான்.

"சேராதீங்கக்கா" என்றேன். இதே கேள்வியை உங்கள் அம்மாவோ சித்தியோ நாளை உங்களிடம் கேட்பார்கள் தோழர்களே. அதனால் காரணத்தை எழுதுகிறேன்.

கடன் தீர்வு நிறுவனங்களின் வழக்கமான சூத்திரம் எளிமையானது. முதலில், தவணையை நிறுத்தச் சொல்வார்கள். கடன் கொடுத்தவன் சலித்துப்போய் இறங்கி வருவான், அப்போது பேசி முடிக்கலாம் என்பார்கள். அதுவரை சந்தா, சேவைக் கட்டணம், மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பங்கு என்று அவர்களுக்குக் கட்ட வேண்டும். ஆனால், அவர்களோடு பேசியாக வேண்டும் என்ற எந்தக் கட்டாயமும் கடன் கொடுத்தவனுக்கு இல்லை. வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும். வசூல்காரர் வாசலுக்கு வருவதும் நிற்காது. அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்த அட்டூழியம் தாங்காமல், கடனைத் தீர்க்கும் முன்பே கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010இல் அங்கே விதி போட்டார்கள். இங்கே இந்த நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டமே கிடையாது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நகரத்தில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் தவணையை நிறுத்தினால் பாதிப்பு அவரோடு போகும். குழுக் கடன் அப்படியல்ல. ஒருத்தி கட்டாவிட்டால் அந்தப் பணத்தை மற்றப் பெண்களிடம் கேட்பார்கள். சென்டர் மீட்டிங்கில் எல்லோரையும் உட்கார வைத்து, "அந்தம்மா வர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்பார்கள். ஆக, "டியூவை நிறுத்து" என்ற அந்த ஆலோசனைக்கு விலை கொடுப்பவள் பக்கத்து வீட்டுக்காரி. கடன் தீர்கிறதோ இல்லையோ, தெரு உடைந்துவிடும்.

தெரு உடைவது ஏன் நமக்குப் பெரிய விஷயம்? குழுக்கள் தெருவாரியாகச் சேர்கின்றன. நம் ஊர்களில் தெரு என்றால் சாதி. நிலமோ நகையோ இல்லாத சேரிப் பெண்ணிடம் நிதி நிறுவனம் ஈடாக வாங்கிக்கொள்வது அவளுடைய மானத்தையும், சொந்தபந்தத்தின் முன் அவள் தலைகுனிந்துவிடக் கூடாது என்ற பயத்தையும்தான். பண்ணையார் கொடுத்த முன்பணம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளைக் கட்டிப்போட்டதே, அந்தக் கயிற்றுக்கு இப்போது ரசீது கொடுக்கிறார்கள். அந்தக் கொத்தடிமைக் கடன்கள் செல்லாது என்று 1976இல் சட்டம் வந்தது. அநியாயமான கடனைச் சட்டத்தாலேயே ரத்து செய்ய முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

"சரி தோழர், மிரட்டலுக்கு என்ன செய்வது? கம்பெனிக்காரனாவது வக்கீல் வைத்துப் பேசுவான் அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பயத்தைத்தான் அவர்கள் விற்கிறார்கள். ஆனால் அவர்கள் விலைக்கு விற்பது ஏற்கெனவே நமக்கு இலவசமாக உரியது.

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் வழி இருக்கிறது. சமரசத் தீர்வுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நேரடியாக எழுதிக் கேட்கலாம், நடுவில் தரகர் தேவையில்லை.

2022ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தே கடன் கொடுத்திருந்தால் தவறு கொடுத்தவன்மேல். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. உறவினரை அழைத்து அவமானப்படுத்தக் கூடாது. கடன் ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், எண் 14448. செலவு இல்லை. படத்தை உருமாற்றி மிரட்டினால் 1930. வசூல்காரர் பொது இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003 முதலே தமிழ்நாட்டில் குற்றம்.

சட்டம் இருந்தால் போதுமா? போதாது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்தது, கந்துவட்டித் தடைச் சட்டம் வந்து 14 ஆண்டுகள் கழித்துத்தான். தனி ஆளாக மனு கொடுத்தால் அது மேசையிலேயே கிடக்கும். ஒரே கம்பெனியிடம் மாட்டிய 20 பெண்கள் ஒன்றாகப் போய் நின்றால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் தெரு உடையக் கூடாது என்கிறேன்.

கடனைப் பாதியில் முடிப்பது பாவம் என்று யாராவது நமக்கு ஒழுக்கப் பாடம் நடத்த வந்தால் இதைச் சொல்லுங்கள். அலோக் இண்டஸ்ட்ரீஸ் வங்கிகளுக்கு வைத்த பாக்கி சுமார் 30,000 கோடி. 2019இல் சுமார் 5,000 கோடிக்கு அது தீர்க்கப்பட்டது. அதற்கு வழி செய்த 2016 திவால் சட்டத்திலேயே ஏழைகளுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொந்த வீடு இல்லை, சொத்து 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள் என்றால் கடன் தள்ளுபடி கேட்கலாம் என்கிறது அது. வருமான வரம்பே கேலிக்கூத்து. அந்தக் கேலிக்கூத்தைக்கூட இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரவில்லை. முதலாளிக்கான அத்தியாயம் உடனே ஓடியது, சேரிக்கான அத்தியாயம் தாளிலேயே தூங்குகிறது.

பயிர் செய்ய நீரும் விதையும் உழவு மாடும் அரசே கொடுக்க வேண்டும் என்று 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர் கேட்டார். கடன்தான் சாதியின் கைவிலங்கு என்பது அவருக்குத் தெரியும்.

அக்காவிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "எல்லா அட்டையையும் எடுத்து வைங்க. எவ்வளவு வாங்குனது, எவ்வளவு கட்டுனதுன்னு எழுதுங்க. குழுவுல மத்த அக்காக்களையும் கூப்பிடுங்க. ஞாயித்துக்கெழம நான் வர்றேன்."

நீங்களும் உங்கள் ஊருக்குப் போங்கள்.