சுருவிலுக்கு யார் உறுப்பினர்?

சென்ற முறை சுருவிலுக்குச் சென்றிருந்தபோது, ஊரில் எஞ்சியிருக்கும் என் சின்னம்மா ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இப்ப எங்கட எம்.பி. ஆர்?" குடிதண்ணீர் பவுசர் ஒழுங்காக வருவதற்கு யாரிடமாவது ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய தேவை. முப்பது ஆண்டுகளாகத் தேர்தல் செய்தி எழுதியவன் என்ற மிடுக்கோடு, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களின் பெயர்களையும் ஒப்புவித்தேன். "அதில எங்கட ஆள் ஆர்?" என்றார். ஆறு பேரும் நம்மவர்தாம் என்றேன். "அப்ப ஆறு பேருக்கும் எழுதவேணுமோ?"

இன்றைய தேர்தல் முறை பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

சின்னம்மாவின் நினைவில் எம்.பி. என்பவர் ஒருவரே. 1947 இலும் 1952 இலும் ஆல்பிரட் தம்பிஐயா. 1956 இல் வி. ஏ. கந்தையா, அவர் மறைந்த பின் 1963 இடைத்தேர்தலில் வ. நவரத்தினம், 1970 இலும் 1977 இலும் பண்டிதர் கா. பொ. இரத்தினம். ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு முகவரி ஒன்று இருந்தது. குறை சொல்லவும் திட்டவும் ஒருவர் இருந்தார்.

இதனால் பழைய தொகுதி முறையே திரும்ப வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதில்லை. 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி நாட்டின் வாக்குகளில் பாதியைச் சற்றுத் தாண்டிப் பெற்றது. ஆசனங்களோ 168 இல் 140, அதாவது ஆறில் ஐந்து பங்கு. ஏறத்தாழ 30 வீத வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்கள்; 7 வீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. நம்மவர் எதிர்க்கட்சித் தலைவரானார் என்று மகிழ்ந்தோம். அதே கணக்குக் கொடுத்த அசுரப் பெரும்பான்மையைக் கொண்டுதான் ஜே. ஆர். ஜயவர்த்தன 1978 அரசியலமைப்பை எழுதினார் என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்த அரசியலமைப்புக் கொண்டுவந்த விகிதாசார முறை நேர்மையானதா? அதற்குத் தீவகமே சாட்சி. 1994 ஓகஸ்ட் 16 தேர்தலின்போது குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் தீவுகள் இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. பதிவான வாக்காளர் ஏறத்தாழ ஆறு இலட்சம். வாக்களித்தோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்ட ஈ.பி.டி.பி. பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளோடு, மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 ஐ எடுத்தது. அவற்றிற் பெரும்பாலானவை தீவக வாக்குகள். சுருவில் உட்பட இத்தீவுகள் அன்று பாதிக்குமேல் வெறிச்சோடிக் கிடந்தவை. எஞ்சியிருந்தவர்களின் வாக்கு, வாக்களிக்க முடியாத குடாநாட்டுக்கும் கிளிநொச்சிக்கும் சேர்த்து உறுப்பினர்களைத் தெரிவுசெய்தது! விகிதாசாரம் என்பதும் ஓர் எந்திரம்தான், போடுவதைத்தான் அரைக்கும்.

அண்மைக் கதைக்கு வருவோம். 2024 நவம்பர் 14 இல் 6 ஆசனங்களுக்கு யாழ். மாவட்டத்தில் 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் பாய்போல விரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகள், அதாவது கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகப் பெற்று 3 ஆசனங்களை வென்றது. 63,327 வாக்குப் பெற்ற தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. 5 வீத வெட்டுப்புள்ளியை எட்டாத பட்டியல்களின் வாக்குகள் கணக்கிலிருந்து கழிந்தன. முதலாவதாக வந்த கட்சிக்கு மேலதிக ஆசனம் ஒன்று சேர்ந்தது. மீதியை எச்சக் கணக்குத் தீர்த்தது. நாற்பத்து நான்காகப் பிரிந்து நின்றவர்கள் நாம். முறையை மட்டும் நோவானேன்?

விருப்பு வாக்கோ இன்னொரு துன்பம். ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள, மாவட்டம் முழுவதும் பதாகை கட்ட வசதியுள்ளவர் முந்துகிறார். பதினொரு தொகுதிகளிலும் மிகச் சிறியவற்றுள் ஒன்றான ஊர்காவற்றுறையின் விருப்பு வாக்கை மட்டும் நம்பி எவரும் கொழும்பு செல்ல முடியாது.

ஆகவே முறை மாற வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். தொகுதிக்கு ஒருவரும், மொத்த வாக்கின் விகிதத்தைச் சரிக்கட்டப் பட்டியலும் கொண்ட கலப்பு முறையே எனது தெரிவு. 2018 இல் உள்ளூராட்சிக்கு அதனைக் கொண்டுவந்தபோது உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகிப் பல சபைகள் தொங்கு சபைகளாயின என்பது உண்மை. அது திருத்தக்கூடிய பிழை.

என் அச்சம் வேறு. 2024 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் புதிய முறை வருமானால், எல்லைகளையும் புதிதாக வகுக்க வேண்டும். இன்றைய தொகுதி எல்லைகள் 1976 இல் வகுக்கப்பட்டவை. இப்போது தலைகளை மட்டும் எண்ணினால் தீவகத்தைக் குடாநாட்டின் ஏதோவொரு தொகுதியோடு ஒட்டிவிடுவார்கள். 2010 இல் 9 ஆக இருந்த மாவட்டத்தின் ஆசனங்கள் 2015 இல் 7 ஆகி, 2024 இல் 6 ஆனதும் இதே எண்ணிக்கையால்தான். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் சுருவில்காரர் தேர்தல் நாளில் முகநூலில் எவ்வளவு முழங்கினாலும், அங்கிருந்து வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஆயினும் தலைக்கணக்கே எல்லாம் என்று நமது அரசியலமைப்பும் சொல்லவில்லை. மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 ஆசனங்களை வாக்காளர் தொகை பாராமல் அது ஒதுக்குகிறது. மாகாணத்துக்குப் பொருந்தும் நியாயம், நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் வள்ளத்துக்குக் காத்து நிற்கும் மக்களுக்கு ஏன் பொருந்தாது? எல்லை நிர்ணயக் குழு எப்போது அமர்ந்தாலும் தீவகத்துக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற மனு அதன் முன் முதல் நாளே இருக்க வேண்டும். ஊர்ச் சங்கங்கள் அதனை இப்போதே எழுதலாம். வெளிநாட்டுக் கிளைகள் கோயில் திருப்பணிக்குக் கூடும்போது அரைமணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம்.

சின்னம்மாவின் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். பெறுநர் முகவரியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.