பேர் ஒன்றானால் ஆளும் ஒன்றா?

எல்லைச் சாவடியில் ஆளை நிறுத்தி விசாரிப்பதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. தேசத்துக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பது எந்த சர்க்காருக்கும் உள்ள வேலைதான். அப்படிப் பார்க்கும்போது ஆள் மாறாட்டம் ஏற்பட்டுவிடுவதும் மனிதர் செய்யும் காரியத்தில் சகஜமே. ஆனால், பிடித்தது தப்பு என்று தெரிந்த பிற்பாடும் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டு, பின்னால் அதை மூடி மறைப்பதற்கும் “தேசப் பாதுகாப்பு” என்று பேர் வைத்துவிடுகிறார்களே, அந்தப் பேரைக் கேட்டதும் படித்த கனவான்கள்கூட வாயைப் பொத்திக் கொள்கிறார்களே, அதைப் பற்றித்தான் நாம் எழுத வேண்டியிருக்கின்றது.

சங்கதி என்னவென்றால், காலித் எல் மஸ்ரி என்பவர் லெபனான் தேசத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜெர்மனிக்குக் குடிபோய், அந்நாட்டுப் பிரஜையாகி, உல்ம் என்ற ஊர்ப் பக்கத்தில் பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்து வந்தவர். அவர் 2003-ம் வருஷக் கடைசியில் பஸ் ஏறி, இப்போது வட மாசிடோனியா என்று பேர் மாறியிருக்கிற மாசிடோனியாவுக்குப் போனார். டிசம்பர் 31-ந் தேதி செர்பிய எல்லையிலுள்ள சாவடியில் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த உத்தியோகஸ்தர்கள் அவரை நிறுத்திக் கொண்டார்கள். அமெரிக்கா சந்தேகப்பட்டுக் கொண்டிருந்த ஒருவனுக்கும் அதே பேர். ஆகவே இந்த பாஸ்போர்ட் பொய்யாயிருக்கலாம் என்று ஒரு சந்தேகம். இவ்வளவுதான் ருஜு!

தோழர்களே, மஸ்ரி என்றால் அரபி பாஷையில் எகிப்துக்காரன் என்று அர்த்தம். நம்மூரில் மதுரையான் என்றும், தஞ்சாவூரான் என்றும் பேர் வழங்குவது போல அரபு நாடுகளில் அது வழங்குகின்றது. மதுரையான் ஒருவன் திருடிவிட்டான் என்பதற்காக மதுரையான் என்று பேருள்ளவர்களையெல்லாம் பிடித்து அடைப்பதாயிருந்தால் ஜெயில் எத்தனை கட்டுவது? கிராமத்துத் தபால்காரர் ஒரு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எந்த ராமசாமி? தகப்பனார் பேர் என்ன?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். ஒரு கார்டுக்குக் காட்டுகிற ஜாக்கிரதையை ஒரு மனிதனுக்குக் காட்ட இரண்டு சர்க்கார்களுக்கு முடியவில்லை.

நிற்க, பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஸ்கோப்ஜே நகரத்து ஓட்டல் அறையொன்றில் அவரை 23 நாள் வைத்திருந்தார்கள். கோர்ட்டு இல்லை, வக்கீல் இல்லை. ஜெர்மன் தூதராலயத்தோடு பேச வேண்டுமென்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். வெளியே போகப் பார்த்தபோது துப்பாக்கியைக் காட்டினார்கள். 2004 ஜனவரி 23-ந் தேதி கண்ணைக் கட்டி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய், அமெரிக்க உளவு இலாகாவாகிய சி.ஐ.ஏ. ஆட்களிடம் ஒப்புவித்தார்கள். அங்கே அடித்து, உடையைக் கிழித்து, மானபங்கப்படுத்தி, விலங்கிட்டு ஆப்கானிஸ்தானத்துக்குக் கொண்டுபோய் இருட்டறையில் போட்டார்கள். அவர் பட்டினி கிடந்தார். 37-வது நாள் மூக்கில் குழாய் விட்டு ஆகாரத்தைச் செலுத்தினார்கள்.

அவர் அந்த அறையில் கிடக்கும்போதே பாஸ்போர்ட் மெய்யானது என்று சி.ஐ.ஏ.வுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அன்றைக்கே விட்டார்களா? இல்லை. எப்படி விட்டால் வெளியே தெரியாது என்று யோசித்துக் கொண்டிருந்தார்கள். மே மாதம் 28-ந் தேதி விமானத்தில் ஏற்றி, அல்பேனியாவில் ஒரு மலைப் பாதையில் ராத்திரி வேளையில் இறக்கிவிட்டார்கள். அவர் வீடு திரும்பியபோது பெண்சாதி பிள்ளைகள் அங்கே இல்லை. புருஷன் கைவிட்டு ஓடிவிட்டான் என்று எண்ணி அந்தம்மாள் குழந்தைகளோடு லெபனானுக்குப் போய்விட்டிருந்தார். ஐந்து மாதம் ஒரு வரி கடிதமில்லாவிட்டால் வேறு என்ன நினைப்பது?

“பயங்கரவாதிகள் காலத்தில் இப்படி ஒன்றிரண்டு நேரத்தான் செய்யும், ஊர் பிழைப்பதற்காக ஒருவன் கஷ்டப்பட்டாலென்ன?” என்று கேட்கும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். அந்த ஒருவன் எப்போதும் அடுத்த வீட்டுக்காரனாகவே இருப்பான் என்கின்ற தைரியத்தில்தான் இவர்கள் இப்படிப் பேசுகிறார்கள். மேலும், எல் மஸ்ரியை ஐந்து மாதம் அடைத்து வைத்ததால் எந்த ஊர் பிழைத்தது? அவரைக் காவல் காத்த நேரமெல்லாம் உண்மையில் சந்தேகப்பட்ட ஆளைத் தேடாமல் வீணாய்ப் போன நேரந்தானே?

1963-ம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவுப்படி, அந்நிய தேசத்தில் பிடிபட்டவன் தன் நாட்டுத் தூதராலயத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்டால் உடனே சொல்லியாக வேண்டும். அந்த உரிமை உண்டென்பதையும் அவனுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தியாவும் இதற்குக் கட்டுப்பட்ட தேசம். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போகும் நம் வாலிபர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏஜண்டுக்குப் பணம் கட்டத் தெரிகின்றது, நல்ல நாள் பார்க்கத் தெரிகின்றது, இந்த ஒரு வரி தெரிவதில்லை. வீட்டில் உள்ளவர்கள் சொல்லி அனுப்ப வேண்டும்.

எல் மஸ்ரி அமெரிக்காவில் வழக்குப் போட்டார். விசாரித்தால் ராஜாங்க ரகசியம் வெளியாகிவிடும் என்று சர்க்கார் சொல்லிற்று, கோர்ட்டும் தள்ளிவிட்டது. 2007 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் கேட்க மறுத்துவிட்டது. உலகமெல்லாம் பத்திரிகையில் படித்துவிட்ட பிறகு அது எப்படி ரகசியமாகும் என்பது நமக்கு விளங்கவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 2012 டிசம்பர் 13-ந் தேதி 17 ஜட்ஜுகளும் ஒருமனதாக மாசிடோனியா செய்தது குற்றம் என்று தீர்ப்பளித்து, 60,000 யூரோ நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. மாசிடோனியா மன்னிப்புக் கேட்டது 2018-ல்.

சி.ஐ.ஏ.விலோ, அவரைப் பிடிக்கப் போதிய ஆதாரமில்லை என்று அவர்களுடைய சொந்தத் தணிக்கை அதிகாரியே 2007-ல் எழுதி வைத்தார். அதைப் படித்த தலைவர், இந்தத் தொழிலில் பிசகு வருவது இயற்கை என்று சொல்லி, காரணமாயிருந்த உத்தியோகஸ்தர் மேல் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார். ஒரு பஸ் கண்டக்டர் டிக்கட் கணக்கில் பத்து ரூபாய் துண்டு விழுந்து, “இந்தத் தொழிலில் இது இயற்கை” என்று சொன்னால் டிப்போ மானேஜர் ஏற்றுக் கொள்வாரா? மூனிச் நகரத்தில் 2007 ஜனவரியில் பதின்மூன்று பேர் மேல் வாரண்டு பிறந்தது. அவர்களைப் பிடித்துத் தரும்படி அமெரிக்காவைக் கேட்பதில்லை என்று ஜெர்மன் சர்க்கார் அந்த வருஷத்திலேயே முடிவு செய்துவிட்டது. தன் பிரஜை ஐந்து மாதம் விலங்கில் கிடந்ததற்கு அது செய்த நியாயம் அவ்வளவே.