உளூ நீரும் பனிக்காலத் தோட்டமும்

மழை ஓய்ந்து பனி இறங்கும் கார்த்திகையும் மார்கழியும் திருப்பூர் வீட்டுத் தோட்டங்களுக்கு வாய்த்த நல்ல பருவம். ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை, பகல் குறுகிய பின்னரே பூக்கிறது. வெயில் நாட்களில் விரைந்து பூத்துவிடும் கொத்தமல்லி இக்குளிரில்தான் இலைவிட்டுத் தழைக்கிறது. நம் ஊரில் கேள்வி எப்போதும் நீரைப் பற்றியதே.

அந்த நீருக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அதன் கீழுள்ள விவசாயிகளின் நிலமும் கிணறும் பாழாயின. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறையின் கீழ் அவை பின்னர் மீண்டும் இயங்கின. எனினும் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் இன்றும் உப்பாகவே இருக்கிறது. பனியன் தொழிலால் உண்டு உடுத்தி வாழும் நமக்கு இந்தக் கணக்கில் பங்கில்லை என்று சொல்ல இயலுமா?

முஸ்லிம் ஒருவர் விதைத்ததைப் பறவை கொத்தித் தின்றாலும் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் நபிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இரு கைகள் கொள்ளும் அளவான ஒரு முத்து நீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்ததையும் கேட்டிருக்கிறோம். நம் பள்ளிவாசல்களிலோ குழாயைத் திறந்துவிட்டு, ஒருவரே அதைப் போல் பல மடங்கு நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார். ஐவேளையும் இதுவே நடக்கிறது.

உளூச் செய்த நீர் மறுபடி உளூவுக்கு ஆகாது. ஆயினும் அது தூய்மையானதே என்பது ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் நிலைப்பாடு. சோப்புக் கலவாத அந்நீரைச் செடிக்கு விடுவதில் தயக்கம் வேண்டியதில்லை. வேரில் ஊற்றுவோம், இலையில் வேண்டாம். உப்பு நீராயின் பயிரைத் தேர்ந்து நட வேண்டும்: பீட்ரூட்டும் பாலக்கீரையும் உப்பை ஓரளவு தாங்கும், பீன்ஸும் கேரட்டும் தாங்கமாட்டா. இடையிடையே மழைநீரோ நல்ல தண்ணீரோ விட்டுப் பையின் அடித்துளை வழியே உப்பை வெளியேற்றுவது அவசியம். காங்கேயம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவையும் அலசிய பின்னரே மண்ணில் கலக்க வேண்டும், அதிலும் உப்புண்டு. சாயம் ஏறிய பனியன் வேஸ்டை மூடாக்காகப் போடும் வழக்கம் நமக்கு உடன்பாடில்லை. அவரைக் கொடியைக் கட்ட மட்டும் அதைவிட நல்ல கயிறு கிடையாது!

லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு தொட்டி வைக்கவும் இடமிராது. ஆகவே இதைத் தனி வீட்டாரின் பொழுதுபோக்காக விட்டுவிடுவதில் நமக்கு விருப்பமில்லை. பள்ளிவாசலின் மொட்டை மாடி வெறுமனே கிடக்கிறது. அங்கு விளையும் கீரை அக்குடும்பங்களுக்கே முதலில் செல்லட்டும். உளூக் குழாய்களின் கழிவு நீரை ஒரு தொட்டிக்குத் திருப்பி மாடிக்கு ஏற்ற என்ன செலவாகும் என்பதை, அடுத்த ஜமாஅத் கூட்டத்துக்கு முன் ஒரு பிளம்பரிடம் கேட்டு வைப்போம். தை பிறப்பதற்குள் விதைத்தால் இப்பருவத்திலேயே ஓர் அறுவடை எடுக்கலாம்.