மலைப்பாதைக்கு எந்த வண்டி?



2025 அக்டோபரில், மலையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்திற்குத் திரும்பினேன். திண்ணையில் ஒரு தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பாராமல் அமர்ந்திருந்தனர். தந்தை பூம்பாறைப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும் பயிரிடுபவர். மகனுக்கு வயது இருபத்தாறு. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை உடுமலை, பழனி வழியாக ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் கடந்து வீடு வருபவன்.

"சாமி, இவனுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார் தந்தை.

"சாமி, அப்பாவுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றான் மகன்.

கணவன் மனைவி வழக்குகள் பலவற்றை அத்திண்ணையில் கேட்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிள் வழக்கு இதுவே முதல். மகன் வாங்க விரும்பியது ராயல் என்பீல்டு ஹிமாலயன் 450, புத்தம் புதியது. தந்தையோ, வண்டி வேண்டுமானால் பழையது ஒன்று போதும் என்கிறார். கடன் பத்திரத்தில் ஜாமீன் கையொப்பம் இட வேண்டியவர் அவர்.

இவ்வகை வண்டியை அறியாத தாய்மார்களுக்காக ஒரு சொல். 1956 முதல் திருவொற்றியூரில் புல்லட் செய்துவந்த அதே நிறுவனம், மலைப்பாதைக்கும் நெடும்பயணத்திற்குமென 2016-இல் வெளியிட்டது ஹிமாலயன். முன்சக்கரம் 21 அங்குலம். அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு சாணுக்கும் சற்று மேல். குழியில் இறங்கி ஏறினாலும் முதுகு நோகாத நீண்ட ஸ்பிரிங்குகள். முதலில் வந்தது 411 சி.சி., காற்றாலும் எண்ணெயாலும் குளிர்வது. 2023 இறுதியில் அதனிடத்தை 450 பிடித்துக்கொண்டது. இது நீரால் குளிர்வது. வலிமையில் முந்தையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எடை 196 கிலோ. ஆகவே 411 வேண்டுவோர் இன்று பழையதைத்தான் தேட வேண்டும்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு நாற்பது ஆயிற்று; அதற்குட்பட்டவற்றுக்குப் பதினெட்டாகக் குறைந்தது. இதனால் 450-இன் கடை விலையே மூன்று இலட்சத்தைக் கடந்துவிட்டது. ஆயுட்கால வரி, காப்பீடு எல்லாம் கூட்டினால் மூன்றே முக்கால் இலட்சத்தை நெருங்குகிறது என்று மகன் கணக்கெழுதிய தாளை நீட்டினான். எழுபத்தையாயிரம் கையிருப்பு, மூன்று இலட்சம் கடன். நூற்றுக்குப் பதினொன்று வட்டியில் முப்பத்தாறு மாதம் கட்டினால் மாதம் சுமார் 9,820 ரூபாய். வட்டி மட்டும் 53,000 ரூபாய்க்கு மேல். தாளில் வட்டித் தொகையை மட்டும் அவன் எழுதவில்லை. நான் எழுதினேன். அவன் முகம் சற்று வாடிற்று.

எனினும் அன்று நான் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. பழைய வண்டி ஒன்றினால் நான் பட்ட துன்பம் என் நாவைக் கட்டிப்போட்டது. குருப்பட்டம் பெற்ற புதிதில், பழனி மலையின் கீழடுக்கில் தாண்டிக்குடிப் பக்கம் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய வண்டி வாங்கினேன். முன்பு யார் ஓட்டினார், எப்படி ஓட்டினார் என்பதொன்றும் தெரியாது. விலை குறைவு என்பது மட்டுமே தெரியும். செயின் தேய்ந்துவிட்டது என்று பட்டறைக்காரர் எச்சரித்தார். அடுத்த மாதம் மாற்றுவோம் என்றேன். அடுத்த மாதத்திற்குள் ஒரு மாலை, காப்பித் தோட்டத்தில் ஒரு மூதாட்டி மரணப் படுக்கையில் இருப்பதாக ஆள் வந்தது. பாதி வழியில் செயின் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. மழையில் ஏழு கிலோமீட்டர் நடந்தேன். நான் சேர்ந்தபோது அவர் கண்களை மூடியிருந்தனர். அவருடைய மகன் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை, காப்பி கொடுத்தார். அந்தக் காப்பியை இன்னும் நான் மறக்கவில்லை. வண்டி பழையது என்பதா குற்றம்? அதன் நிலையை அறிந்தும் அசட்டையாக இருந்தேன்; அதுவே குற்றம்.

ஆகவே "பழையதே போதும்" என்று தந்தை சொன்னதும், "சரி ஐயா" என்று என்னால் சொல்ல இயலவில்லை.

செவ்வாயன்று அந்தத் தாய் ஒரு பை பூண்டுடன் வந்தார். பேச்சோடு பேச்சாக உண்மை வெளிவந்தது. கணவருடைய அண்ணன் மகன் பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் வண்டி சறுக்கி இறந்து ஆறு ஆண்டுகள் ஆயின. "புதிய வண்டி என்றால் இவன் வேகமாகப் போவானாம், சாமி. பழையது என்றால் அடங்கிப் போவானாம். அவர் எண்ணம் அப்படி." தந்தை காசுக்குக் கணக்குப் பார்க்கவில்லை, அஞ்சுகிறார். அந்த அச்சத்தைச் சிக்கனம் என்ற போர்வைக்குள் மறைத்து வைத்திருக்கிறார்.

ஆனால் அவருடைய கணக்கு தலைகீழானது. இதை அவரிடம் வெளிப்படையாகவே கூறினேன். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். ஈரச் சாலையில் திடீரெனப் பிரேக் அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. 2016, 2017 ஆண்டுகளின் ஹிமாலயன்களில் இது கிடையாது. தைல மர இலைகள் மழையில் ஊறிக் கிடக்கும் வளைவில், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை சாலைக்கு வரும்போது, பழைய வண்டி அடங்கி நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை. முதல் ஆண்டு வண்டிகளில் மற்றொன்றும் உண்டு. அவை கார்புரேட்டர் கொண்டவை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலின் ஏழாயிரம் அடி உயரத்திற்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. சமவெளியில் ஊற்றிய அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். வண்டி புகைந்து திணறும். 2017-இல் வந்த இன்ஜெக்ஷன் முறையோ காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. எனவே பழையதுதான் என்றால் 2019-க்குப் பின் வந்ததாக இருக்கட்டும் என்று எல்லை வகுத்தோம். தந்தை அரைமனதாக ஒப்பினார்.

வத்தலக்குண்டில் ஒரு வண்டி விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, எங்கள் ஊர்ப் பட்டறைக்காரரையும் அழைத்துக்கொண்டு நால்வரும் பேருந்தில் இறங்கினோம். வழியில் மகன் என்னிடம் தாழ்ந்த குரலில் கூறியது இது: "எங்கள் வீட்டில் எல்லாமே பழையதாகத்தான் வந்தது, சாமி. சைக்கிள், பள்ளிப் புத்தகம், தங்கைக்குத் தையல் இயந்திரம், டி.வி. என் சம்பளத்தில் ஒன்றாவது புதியதாக வாங்க வேண்டும் என்று நினைத்தேன்." மலைத் தோட்டத்து வீடுகளில் முப்பது ஆண்டுகளாகப் போய்வரும் எனக்கு, இதை வீண் பகட்டு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. பதில் சொல்லவும் தெரியவில்லை.

முதல் வண்டி கண்ணாடியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பட்டறைக்காரர் அதன் அழகைப் பார்க்கவேயில்லை. இன்ஜின்மேல் கை வைத்தார். சூடு. நாங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். அப்படியானால் காலைக் குளிரில் கிளம்ப மறுக்கும் வண்டியாக இருக்கலாம் என்றார். நடு ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, கைப்பிடியை மெல்லத் திருப்பினார். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றது, பேரிங் தேய்ந்திருக்கிறது. முன் போர்க்கில் எண்ணெய்க் கசிவு. பின் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் ஒரு புறமாக வளைந்திருந்தன. ஓடோமீட்டர் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் என்றது. பற்கள் வேறு கதை கூறின. டயரின் பக்கவாட்டில் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண் உண்டு என்பதை அன்றுதான் நானும் கற்றேன். அந்த டயருக்கு ஆறு வயது.

தாள்களோ இன்னும் மோசம். ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த நிறுவனத்தின் அடமானக் குறிப்பு நீக்கப்படவில்லை. விற்பவர் இரண்டாவது உரிமையாளர். ஆயினும் பெயர் இன்னும் முதலாமவர் மீதே இருந்தது. "கையொப்பமிட்ட படிவங்கள் தருகிறேன், பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். நம் குடும்பங்களில் வண்டி விற்போரும் இதைக் கவனிக்க. விற்றுப் பணம் வாங்கிவிட்டோம், நம் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுகிறோம். 2018-இல் உச்சநீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்தது: பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், வண்டி நான்கு கை மாறியிருந்தாலும், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது. விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிப்பதற்கும் அதே பதினான்கு நாட்கள்தாம். கேரளப் பதிவு வண்டிகள் எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும். அவற்றை இங்கே பெயர் மாற்றத் தடையில்லாச் சான்றும் நம் மாநில வரியும் வேண்டும் என்பதைக் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு கரைந்துவிடும்.

வெறுங்கையுடன் மலையேறினோம். மகன் உள்ளூர மகிழ்ந்தான் என்றே எண்ணுகிறேன். இனிப் புதியதுதான் என்று அவன் நினைத்திருக்கக்கூடும். நானும் ஏறத்தாழ அந்த முடிவுக்கே வந்திருந்தேன். இடையில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210 என்ற சிறிய வண்டியையும் எடுத்துரைத்தேன். 168 கிலோதான்; குறைந்த வரி; புதியது; மலைப்பாதைக்கும் உகந்தது. தோட்டத்துப் பாதையில் கவிழ்ந்தால் ஒருவன் தனியாகத் தூக்கி நிறுத்தலாம். "நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டர் போகிறவனுக்கு இது போதாது, சாமி" என்றான். எனக்கு அது போதுமென்றே இன்றளவும் தோன்றுகிறது. ஆனால் ஓட்டப்போகிறவன் நானல்லவே.

மூன்று வாரம் கழித்துப் பட்டறைக்காரரே செய்தி கொண்டுவந்தார். ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போகிறார், 2021-ஆம் ஆண்டு ஹிமாலயன் 411, ஒரே உரிமையாளர், கடன் கட்டி முடித்துக் குறிப்பும் நீக்கப்பட்டது, ஒவ்வொரு சர்வீசுக்கும் ரசீது. அந்த வண்டி அவருடைய பட்டறைக்கே நான்கு ஆண்டுகளாக வந்துபோவது. அதன் பிணிகள் அவருக்கு மனப்பாடம். கேட்ட விலை 1,45,000. காலை ஆறு மணிக்குக் குளிரில் சென்று கிளப்பச் சொன்னோம்; ஒரே தொடுதலில் கிளம்பிற்று. மகன் பூம்பாறை வரை ஓட்டிவிட்டு வந்தான். பேசவில்லை. இறங்கி, முன்சக்கரத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"450 மாதிரி இழுக்காது" என்றான் பிறகு. "ஆனால் இது என்ன வண்டி என்று தெரிகிறது."

1,40,000-க்கு முடிந்தது. கடன் அறுபத்தையாயிரம் மட்டும். அதையும் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினார்கள். ஜாமீன் கையொப்பத்தைத் தந்தை நடுங்காமல் இட்டார். புது டயர் இரண்டு, செயினும் பல்சக்கரங்களும், பிரேக் கட்டைகள் ஆகியவற்றுக்கென்று பதினெட்டாயிரம் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். ஏறக்குறைய அவ்வளவும் ஆயிற்று. பழைய வண்டி வாங்குவோர் விலையோடு இந்தத் தொகையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும். தலைக்கவசத்தில் மட்டும் பழையது ஆகாது என்று நான் கண்டிப்பாகக் கூறினேன். ஒருமுறை அடி வாங்கிய கவசத்தின் உட்பஞ்சு மறுமுறை காக்காது; அடி வாங்கியதா என்பது வெளியே தெரியவும் தெரியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழுமுகக் கவசம் ஒன்றைக் கோயம்புத்தூரில் வாங்கிவந்து, நெகிழிப் பையைப் பிரிக்காமலேயே என் மேசைமேல் வைத்தான். "இதாவது புதியது, சாமி" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கு நான் சொன்ன யோசனை சரிதானா என்ற ஐயம் அப்போதுதான் எனக்கு எழுந்தது, இன்னும் தீரவில்லை.

தை மாதத்தில் மகன் பெயரில் ஆர்.சி. வந்துசேர்ந்தது. அதன் நகலைத் தந்தை நிலப் பட்டாவுடன் சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறாராம். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை, இருட்டும் வேளையில், கோயிலுக்குக் கீழேயுள்ள வளைவில் அந்த வண்டி கியர் குறைக்கும் ஓசை கேட்கும். அவர் அதில் இன்னும் ஏறவில்லை. பழனிச் சந்தைக்குப் பேருந்தில்தான் போய்வருகிறார். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்கே தோட்டத்திலிருந்து வந்து, சாலையோரக் கல்மீது அமர்ந்துவிடுகிறார்.