பள்ளிக்கூடத்தில் எருக்குழி: படிப்பா? வேலையா?

“பிள்ளையைப் படிக்கத்தான் அனுப்பினோம். குப்பை அள்ள அனுப்பவில்லை!”

பள்ளித் தோட்டம், எருக்குழி என்று பேச்சு எழுந்தால், பெற்றோர் சிலர் இப்படிச் சொல்வது உண்டு.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், எருக்குழிக்குள் நல்ல படிப்பும் இருக்கிறது. அது பாடம் ஆகுமா, வெறும் வேலை ஆகுமா என்பது, பள்ளிக்கூடம் அதை நடத்தும் முறையைப் பொறுத்தது.

அரசாங்கம் சொன்னது

மதிய உணவு போடும் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் அமைப்பதற்கு, மத்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டில் வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டது. இடம் இல்லாத நகரத்துப் பள்ளிகள், மொட்டை மாடியிலும் தொட்டியிலும் செடி வளர்க்கலாம் என்று அதில் சொல்லப்பட்டது. 2021-ல் மதிய உணவுத் திட்டம் ‘பி.எம். போஷண்’ என்று பெயர் மாறியது. அதிலும் பள்ளித் தோட்டத்துக்கு இடம் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை நன்றாகப் பொருந்தும். பள்ளியில் சாப்பாடு போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது.

சமையல் நடக்கும் இடத்தில் காய்கறித் தோல் இருக்கும். முட்டை ஓடு இருக்கும். வேப்பமரமோ புங்கமரமோ நிற்கும் இடத்தில் சருகு இருக்கும்.

எரு செய்ய வேண்டியவை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே கிடைக்கின்றன!

மேட்டில் கொட்டினால் தீமை

இந்தப் பொருள்கள் இப்போது எங்கே போகின்றன? சருகைத் தீ வைத்துக் கொளுத்துகிறார்கள். காய்கறித் தோலைப் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துக் குப்பை வண்டியில் போடுகிறார்கள்.

நம் நாட்டு நகரங்களில் சேரும் குப்பையில் ஏறக்குறைய பாதி, மக்கும் குப்பை. அதைக் கலந்து மலைபோலக் குவித்தால், உள்ளே காற்றுப் போகாது. காற்று இல்லாமல் அழுகும்போது, மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. அது தீப்பற்றும் வாயு. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வேகம் உடையது.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டில் தீப்பிடித்தது. புகையால் சுற்று வட்டார மக்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் சொல்லின. ஆனால், விதி சொன்னதும் பழக்கம் மாறிவிடுமா? பத்து வயதில் பிரிக்கப் பழகிய பிள்ளை, வீட்டில் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் சொல்லிக் கொடுக்கும்.

குழிக்குள் நடப்பது என்ன?

காய்ந்த சருகு ஒரு வரிசை. பச்சைக் கழிவு ஒரு வரிசை. மேலே கொஞ்சம் மண் அல்லது சாணக் கரைசல். பிறகு மறுபடியும் சருகு. இப்படி அடுக்க வேண்டும். பச்சைக் கழிவு ஒரு கூடை போட்டால், சருகு இரண்டு கூடைக்குக் குறையாமல் போடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இதைத் தின்று எரு ஆக்குகின்றன. நமக்கு வேண்டியதைப் போல, அவற்றுக்கும் சாப்பாடு, தண்ணீர், காற்று மூன்றும் வேண்டும்.

நன்றாக வேலை நடந்தால், குவியல் சூடாகும். சூடு 55 டிகிரிக்கு மேல்கூடப் போகும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. சூடு எப்படி வந்தது? இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டுவிட்டால், விஞ்ஞானப் பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கையில் எடுத்துப் பிழிந்தால், ஈரம் தெரிய வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. நாற்றம் அடித்தால், ஈரம் மிகுந்துவிட்டது; காற்றுக் குறைந்துவிட்டது. சருகு போட்டுக் கிளறினால் நாற்றம் போய்விடும். பல நாள் ஆகியும் மட்கவில்லை என்றால், காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளிக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதத்தில், கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்போல மணக்கும். அதுதான் எரு.

பிளாஸ்டிக், கண்ணாடி, எலும்பு, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றைக் குழியில் போடக் கூடாது. மிச்சச் சோற்றைக் கொட்டினால் எலியும் நாயும் வரும். சருகுக்குள் தேள் இருக்கலாம். கையை விடாமல் குச்சியால் கிளற வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

பெற்றோர் பயப்படுவது ஏன்?

இவ்வளவு நன்மை இருந்தும், பெற்றோர் முகம் சுளிப்பது ஏன்?

காரணம், அனுபவம்!

1937-ல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகப் படிப்பு என்பது அதன் சாரம். நோக்கம் நல்லது. ஆனால், கைவேலை என்றாலே சந்தேகப்படும்படியான ஒரு சம்பவம் பிறகு தமிழ்நாட்டில் நடந்தது.

1953-ல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார். ‘அப்பன் தொழிலையே மகனும் செய்ய வேண்டுமா? இது குலக்கல்வி!’ என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு பள்ளிக் கழிவறையைச் சுத்தம் செய்ய வைத்ததாக, 2022-ல்கூட ஈரோடு மாவட்டத்தில் வழக்குப் பதிவாயிற்று.

வெயிலில் மண் வெட்டியும் குப்பை அள்ளியும் பாடுபட்ட தகப்பன், தன் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறான். அதனால்தான் பள்ளிக்கு அனுப்புகிறான். அங்கேயும் மண்வெட்டியைக் கண்டால், அவன் மனம் பதறாதா?

மூன்று கேள்விகள்

ஆகவே, எருக்குழி வெட்டும் பள்ளிக்கூடம், முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி: யார் செய்கிறார்கள்?

எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்ய வேண்டும். ஆண், பெண் வேற்றுமை கூடாது. சாதி வேற்றுமை கூடவே கூடாது. பெண் பிள்ளைகள் பெருக்குவது, ஆண் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பது என்பது பாடம் ஆகாது. குறும்பு செய்த பையனுக்குத் தண்டனையாகத் தோட்ட வேலை கொடுத்தால், அன்றோடு தோட்டம் கெட்டது. ஆசிரியரும் கையில் மண் படக் கூட நின்று வேலை செய்தால், வெட்கம் தானே ஓடிவிடும்.

இரண்டாவது கேள்வி: நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள்?

குழியின் உயரம் வாரா வாரம் எத்தனை அங்குலம் குறைந்தது? சூடு எவ்வளவு? எரு போட்ட பாத்தியில் வெண்டை எத்தனை காய்த்தது? எரு போடாத பாத்தியில் எத்தனை? அளந்து எழுதினால் கணக்கு. காரணம் தேடினால் விஞ்ஞானம். ஒன்றும் எழுதாமல் மண்ணை வெட்டினால், அது கூலி இல்லாத வேலை.

மூன்றாவது கேள்வி: விளைந்தது யார் தட்டுக்குப் போகிறது?

சிறுகீரை ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வரும். அது அந்தப் பிள்ளைகளின் சாம்பாரிலும் பொரியலிலும் சேர வேண்டும். வேறு யார் வீட்டுக்கும் போகக் கூடாது. தான் வளர்த்த கீரையை ஒதுக்கி வைக்கப் பிள்ளைக்கு மனம் வராது.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், அது படிப்பு. ஒன்று தவறினாலும், பெற்றோர் கேட்பது நியாயமே.

லீவு விட்டால்?

பள்ளித் தோட்டத்துக்கு இன்னொரு எதிரி உண்டு. அது மே மாதம். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் செடிகள் கருகிவிடும். ஜூனில் பிள்ளைகள் வந்து பார்த்தால், காய்ந்த குச்சிதான் நிற்கும்.

இதற்கும் வழி இருக்கிறது. செடிக்குப் பகையான விடுமுறை, குழிக்கு உதவியாகும். மார்ச் மாதத்தில் குழியை நிரப்பி, நன்றாக நனைத்து, மேலே மண்ணால் மூடிவிட வேண்டும். இடையில் சில முறை தண்ணீர் தெளித்தால் போதும். பள்ளி திறக்கும்போது எரு பதமாக இருக்கும். பிறகு பாத்தி பிடித்தால், ஆடிப்பட்டத்துக்குச் சரியாக இருக்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சும்மாவா சொன்னார்கள்?

கோடையில் பள்ளிக்கூடம் காத்துக் கொள்ள வேண்டிய செடிகளை முருங்கை, பப்பாளி என்று இரண்டு மூன்றோடு நிறுத்திக் கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை பள்ளிக் கூட்டத்துக்குப் போகும்போது, எருக்குழி வேண்டாம் என்று சொல்வதற்கு முன், அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே எல்லாருடைய பிள்ளைகளோடும் தம் பிள்ளையும் நின்று, குச்சியும் நோட்டுமாகக் குழியை அளந்துகொண்டிருந்தால், கவலை வேண்டாம்.

பிள்ளை படித்துக்கொண்டுதான் இருக்கிறது!