மறு ஸ்கேன்: எடுப்பதா, விடுவதா?

புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்துவிட்டது. ஆப்பரேஷன் ஆயிற்று, கரண்ட் வைத்தாயிற்று, கீமோ ஊசியும் ஏற்றியாயிற்று. உடம்பில் வலி இல்லை. மறுபடி ஷிப்டுக்குப் போகிறார்; அல்லது நடவுக்கு இறங்குகிறார். அந்த நேரத்தில், “ஸ்கேன் எடுத்து வரவும்” என்று ஒரு சீட்டு கைக்கு வருகிறது. எடுப்பதா, விடுவதா?

ஆலைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கேள்வியோடு தவிக்கின்றன. பதில் தெரியாமல் சிலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் தோட்டை அடகு வைத்துத் தேவையில்லாத ஸ்கேனை எடுத்து வருகிறார்கள். முதலாவதில் உயிர் நஷ்டமாகலாம். இரண்டாவதில் வாயைக் கட்டிச் சேர்த்த பணம் நஷ்டமாகிறது.

இரண்டு விதமான பேச்சுக்கள் நம்மிடையே உலவுகின்றன. “நோய்தான் போய்விட்டதே, இனி எதற்கு ஆஸ்பத்திரி? கிளறினால்தான் வம்பு” என்பது ஒன்று. “எவ்வளவு பெரிய ஸ்கேனோ அவ்வளவு நல்லது, உடம்பு முழுக்க எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி” என்பது மற்றொன்று. இரண்டும் தப்பு. ஸ்கேன் மருந்தல்ல, அது நோயைக் குணப்படுத்தாது. அது ஒரு சேதியைச் சொல்லும், அவ்வளவுதான். அந்தச் சேதியை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: “இந்த ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் என் வைத்தியம் மாறுமா?” மாறும் என்றால் எந்தப் பாடு பட்டாவது எடுக்க வேண்டும். மாறாது என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. இதற்கு விடை எந்தப் புற்று, எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தது. மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

தொண்டையும் வாயும்

பீடி, புகையிலை, பான்பராக் இவற்றால் நம் தொழிலாளர்களைப் பிடிக்கும் நோய் இது. பிரிட்டனில் கழுத்து நெறிகளுக்கும் பரவிய புற்று உள்ள 564 பேரிடம் நடந்த ஓர் ஆராய்ச்சி 2016ல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தொண்டைப் புற்று. பாதிப் பேருக்குக் கழுத்து நெறிகளை அறுத்தெடுப்பது என்று முன்பே முடிவு செய்தார்கள். மறு பாதிக்குக் கரண்டும் கீமோவும் முடிந்து 12 வாரம் கழித்துப் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். நோய் மீதம் இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கத்தி வைத்தார்கள். முதல் பிரிவில் 221 ஆப்பரேஷன். இரண்டாவதில் 54 மட்டுமே. இரண்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம்.

அந்த ஒரு ஸ்கேன் பலருடைய கழுத்தைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. இப்படிப்பட்ட ஸ்கேனை விடக்கூடாது. சொன்ன தேதிக்கு முன்னால் போய் எடுப்பதும் கூடாது. கரண்ட் வைத்த இடம் வெந்து வீங்கியிருக்கும். அந்த வீக்கமும் பெட் ஸ்கேனில் நோயைப் போலவே தெரியும். 12 வாரம் என்று சொல்வது அதற்காகத்தான்.

மார்பு

இங்கே நிலைமை வேறு. இத்தாலியில் 20 ஆஸ்பத்திரிகளில் மார்புப் புற்றுக்கு வைத்தியம் பெற்ற 1,320 பெண்களைப் பல வருஷம் கவனித்து 1994ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு எலும்பு ஸ்கேன், ஈரல் ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் தவறாமல் செய்தார்கள். மறு பிரிவுக்கு டாக்டர் பரிசோதித்துப் பார்த்து, அவசியப்பட்டால் மட்டும் மற்றவை. ஆயுளில் வித்தியாசம் இல்லை. குணமாக்கும் நோக்கத்தோடு வைத்தியம் முடிந்து, எந்த உபாதையும் இல்லாத பெண்களுக்கு சி.டி., பெட், எலும்பு ஸ்கேன்களை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்களின் சங்கமே 2012ல் அறிவுறுத்தியது. இவர்களுக்கு வேண்டியது டாக்டரின் பரிசோதனையும், வருஷம் ஒரு முறை மேமோகிராம் எனும் மார்பு எக்ஸ்ரேயும்தான்.

குடல்

பெருங்குடல் புற்று சில சமயம் ஈரலில் திரும்பி வரும். சீக்கிரம் கண்டால் சிலருக்கு அதை வெட்டி எடுத்துவிட முடியும். ஆகவே இங்கே தேடிப் பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு. பிரிட்டனில் 1,202 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2014ல் வந்தது. உபாதை வந்தால் மட்டும் பார்த்த பிரிவில், திரும்பிய நோய்க்குக் குணமாக்கும் ஆப்பரேஷன் செய்ய முடிந்தது 100க்கு 2.3 பேருக்கு. சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்த பிரிவில் 6.7, சி.டி. எடுத்த பிரிவில் 8. இரண்டும் செய்த பிரிவில் 6.6. ஆயுள் கூடியது என்று இந்த ஆராய்ச்சியால் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் செலவு குறைந்த ஒரு ரத்தப் பரிசோதனை பெரிய ஸ்கேனுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வேலை செய்திருக்கிறது. “ரத்தத்தில் பார்க்க முடியுமா?” என்று நாம் ஏன் கேட்கக் கூடாது?

ஸ்கேனுக்கும் விலை உண்டு

விலை என்பது ரூபாய் மட்டுமல்ல. வயிற்றுக்கு ஒரு தடவை சி.டி. எடுத்தால், இயற்கையாகச் சுமார் மூன்று வருஷத்தில் நம்மேல் படும் கதிர் ஒரே நாளில் படுகிறது. அவசியம் இருந்தால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அவசியம் இல்லாமல் ஏன் பட வேண்டும்? எம்.ஆர்.ஐ.யிலும் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனிலும் இந்தக் கதிர் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. காச நோய் நம் நாட்டில் நிறைய. நெஞ்சில் காசநோய் இருந்தால் அதுவும் பெட் ஸ்கேனில் புற்றுபோல் ஒளிரும். உடனே குடும்பம் இடிந்துபோகிறது, ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும், மீண்டும் அலைச்சல். பிறகு, “புற்று இல்லை” என்று ரிப்போர்ட் வருகிறது. அதற்குள் வட்டிக்கு வாங்கிய பணம் கரைந்துவிடுகிறது.

செக்கப்பை விடாதீர்கள்

இதைப் படித்துவிட்டு, “பத்திரிகையிலேயே வேண்டாம் என்று போட்டிருக்கிறது” என்று யாரும் ஆஸ்பத்திரியை மறந்துவிடக் கூடாது. ஸ்கேன் வேறு, செக்கப் வேறு. வாய்ப் புற்றுக்கு வைத்தியம் பெற்றவர் முதல் வருஷத்தில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் வாயையும் கழுத்தையும் காட்ட வேண்டும். பிறகு இடைவெளி கூடும். டாக்டரின் கண்ணும் விரலும் கண்டுபிடிப்பது அநேகம். புகையிலையை விடாதவருக்கு எத்தனை ஸ்கேன் எடுத்தும் பயன் சொற்பம். அது வாயில் வேறொரு புற்றைக் கொண்டுவந்துவிடும்.

ஆறாத புண், புதிய கட்டி, கழுத்தில் நெறி, ரத்தப் போக்கு, காரணமில்லாத இளைப்பு, விடாத எலும்பு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அப்போது டாக்டர் எழுதும் ஸ்கேன் உபாதையின் காரணத்தைக் கண்டுபிடிக்க எழுதும் ஸ்கேன். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கூலி யார் தருவார்?

“போகத்தான் வேண்டும். அன்றையக் கூலி?” இந்தக் கேள்வி நியாயமானது. 1955ல் கோவையில் தொடங்கித் தமிழ்நாட்டில் நடந்துவரும் இ.எஸ்.ஐ. திட்டத்தில், புற்று போன்ற நீடித்த வியாதிக்கு, உரிய சேவையும் சந்தாவும் உள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தில் 80 சதவிகிதம் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். ஆனால் சாதாரண நோய் உதவியில் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. ஒரே நாள் செக்கப்புக்குப் போகும் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது? பூஜ்யம்! விவசாயக் கூலிக்கோ இந்த இ.எஸ்.ஐ.யும் இல்லை. செக்கப் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு என்பது சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை.

இருப்பதையாவது விடாமல் வாங்குவோம். 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பரிசோதனைகள் சிலவும் சேர்ந்திருக்கின்றன. எந்த ஸ்கேன், எந்த ஆஸ்பத்திரியில் என்பதைக் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு வெளியே போகலாம். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் டிக்கெட் கட்டணம் முழுதும் தள்ளுபடி. உடன் செல்லும் துணைக்கு 75 சதவிகிதம். வைத்தியத்துக்கு மட்டுமல்ல, செக்கப்புக்கும் உண்டு. டாக்டரிடம் அதற்கான சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

முடிவு யாருடையது?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. நோய் அம்மாவுக்கு, ரிப்போர்ட் மகன் கையில், முடிவு அப்பாவுடையது. அந்த அம்மாவுக்கு நோயின் பேரைக்கூடச் சொல்வதில்லை. இது சரியல்ல. உடம்பு அவருடையது. ஸ்கேன் எடுப்பதும் விடுவதும் அவர் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு, “எனக்கு வேண்டாம்” என்று சொன்னால் அதையும் மதிக்க வேண்டும்.

டாக்டர் முன்னால் நின்றதும் நமக்கு நா எழுவதில்லை. ஆகவே நான்கு கேள்விகளைச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். இந்த ஸ்கேன் எதைத் தேடுகிறது? தெரிந்தால் வைத்தியம் மாறுமா? மூன்று மாதம் பொறுத்தால் கெடுதல் உண்டா? இதே விஷயத்தைச் செலவு குறைந்த பரிசோதனையில் பார்க்க முடியுமா? படிக்கத் தெரிந்த தோழர் ஒருவரையும் துணைக்கு அழைத்துப் போங்கள்.

மில்லில் கூலி குறைந்தால் கணக்குக் கேட்கிறோம். நம் உடம்பைப் பற்றியும் கணக்குக் கேட்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்வோம். பயந்து ஓடவும் வேண்டாம், பயந்து கடன்படவும் வேண்டாம்.