சாதியைத் தேடாமல் சொந்தத்தைத் தேடுவோம்

ஷாதிபூர், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஒரு பகுதி. இந்த நகரத்தின் ‘லோக்கல் பார்ன்’ (கைதிகளின் வழிவந்த) குடும்பங்களில் பூர்வீகம் கேட்டால், பெரும்பாலும் கொள்ளுத் தாத்தா கப்பலேறி வந்ததோடு பேச்சு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பவர்களை மரபணுச் சோதனையில் தேடலாமா என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். தேடலாம். எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

1858 மார்ச் 10 அன்று இருநூறு கைதிகளோடு இங்கே தண்டனைக் குடியிருப்பு தொடங்கியது. பின்னர் சென்னை மாகாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கைதியின் கழுத்தில் ஒரு மரவில்லை தொங்கும். எண், குற்றப் பிரிவு, தண்டனை விதித்த நாள், விடுதலை நாள் எல்லாம் அதில் இருக்கும். ஊர்ப்பெயர் இருக்காது. பத்தாண்டு ஒழுங்காகக் கழித்தவர் நிலம் பெற்று உழுது பிழைக்கலாம். அதிகாரிகளின் அனுமதியோடு ஒரு பெண் கைதியை மணக்கலாம். வெவ்வேறு மாகாணம், மொழி, சாதிகளைச் சேர்ந்தவர்கள் அப்படிக் கூடி வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இந்துஸ்தானி பேசினார்கள்.

மரபணுக் கணக்கைப் பார்ப்போம். ஒரே தாத்தா பாட்டிக்கு வெவ்வேறு பிள்ளைகள் வழியே வந்த பேரப்பிள்ளைகள் சராசரியாக 12.5 விழுக்காடு மரபணுவைப் பகிர்வார்கள். எள்ளுத் தாத்தாவுக்கும் மேலே ஒரு படி போய்ப் பிரிந்த கிளைகள் என்றால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு துளிப் பொருத்தம்கூடத் தெரியாது. அதனால் பேரன் எச்சில் கொடுப்பதைவிடப் பாட்டி கொடுப்பதே மேல். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழிந்துபோகிறது. வீட்டு முதியவர் போய்விட்டால் அந்தப் பாதி திரும்பக் கிடைக்காது.

தாய்நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டிவந்த சமூகங்களில், தூரத்துச் சொந்தமும் சோதனையில் நெருங்கிய சொந்தமாகத் தெரியும். மரபணு ஆய்வாளர்கள் குமாரசாமி தங்கராஜும் டேவிட் ரெய்ச்சும் பங்கேற்று 2017-இல் வெளியான ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 குழுக்களில், சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகிய தடயம் ஃபின்லாந்துக்காரர்களிடம் இருப்பதைவிட வலுவாக இருந்தது. ஷாதிபூர்க் குடும்பங்களுக்கு அவர்களின் கலப்பே இங்கு உதவும். நான்கு கிளைகளில் ஒன்று மட்டும் தமிழ்க் கிளை என்றால், தமிழ்க் குடும்பத்தோடு வரும் பொருத்தம் எந்தக் கிளை வழியே வந்தது என்று ஊகிப்பது எளிது.

ஆனால் பொருத்தம் வர, மறுபக்கத்து உறவினரும் சோதனை செய்திருக்க வேண்டுமே! தஞ்சாவூர்க் கிராமத்தில் இருப்பவர் செய்திருக்க மாட்டார். டர்பனிலோ மொரீஷியஸிலோ இருக்கும் ஒப்பந்தக் கூலிகளின் வாரிசு செய்திருக்கக்கூடும். 1860 முதல், டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. அண்ணன் அந்தமானுக்கும் தம்பி நேட்டாலுக்கும் போன குடும்பம் இருந்திருந்தால், தம்பியின் பட்டியலிலிருந்து அண்ணனின் ஊரைப் பிடித்துவிடலாம்.

எனக்குக் கவலை தருவது வேறு. கிடைத்த ஊரை வைத்து, “அப்படியானால் நாங்கள் இன்ன சாதி” என்று நிறுவ ஒரு கூட்டம் கிளம்பும். சாதியின் பிடி தளர்ந்த சமூகத்தில், எச்சில் குப்பியைக் கொண்டு அதை மறுபடி குடியேற்றக் கூடாது. அந்தச் சோதனை அதைச் சொல்லவும் சொல்லாது.

தாய்நிலத்து மனிதர்களையும் எண்ண வேண்டும். நாடு கடத்தப்பட்டவர்களில் பலர் மனைவி மக்களை விட்டு வந்தவர்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்து, போனவரின் கதையை முடித்துவிட்ட வீடுகள் உண்டு. கொலைக் குற்றவாளியின் பெயரைப் பிள்ளைகளிடம் மறைத்த வீடுகளும் உண்டு. அந்த வாசலில் போய் நிற்கும்போது, முதலில் அவர்களுக்குத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்க வேண்டும். சோதனை நிறுவனத்திலும் கவனம் தேவை. 23அண்ட்மீ 2023-இல் லட்சக்கணக்கானோரின் தகவலைத் திருடர்களிடம் பறிகொடுத்தது. 2025-இல் திவால் மனு போட்டது.

ஆகவே அரசு முதலில் ஏடுகளைத் திறக்கட்டும். சென்னை மாகாணத்திலிருந்து அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் பெயர், தந்தை பெயர், மாவட்டம், தீர்ப்பு ஆண்டு ஆகியவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் நீதித்துறைக் கோப்புகளிலிருந்து தொகுத்து, யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான், சோதனை முடிவில் வரும் பொருத்தத்துக்கு ஒரு மனிதரின் பெயரைச் சூட்ட முடியும்.